அழிச்ச பாஸ்வேர்ட் ஏன் கிட்டுக்குள்ள அழியிறேல்லை?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கட கம்பனி உள்ளுக்குப் பாவிக்கிற டூல் ஒண்டை ஓப்பன் சோர்ஸா, ஆரும் கோடைப் பார்த்துப் பாவிக்கிற மாதிரி விடப்போகுது. ரெப்போவை பப்ளிக் ஆக்க ஒரு பட்டன்தானே, பிறகு ஏன் மனேஜர் ரெண்டு மாசம் கேக்கிறார்?"

பட்டன் ஒண்டுதான், சரி. ரெப்போ எண்டது கோடும் அதில செய்த பழைய மாற்றங்களும் கிடக்கிற பெட்டி, அந்த மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற சொஃப்ட்வெயார்தான் கிட். பட்டனை அமத்த முதல் லைசன்ஸ், அதாவது மற்றவை கோடை எப்பிடிப் பாவிக்கலாம் எண்ட நிபந்தனை, பார்க்கவேணும், எம்ஐடியோ அப்பாச்சி 2.0வோ, ரெண்டாவதில பேட்டன்ட் உரிமையும் சேர்ந்து போறபடியா லோயர்மார் கொஞ்சம் இழுப்பாங்கள். பிறகு கம்பனி சேர்வர்களையே நம்பி எழுதின கோடைப் பிரிச்செடுக்கவேணும். கூகிளே தன்ர சேர்வர்களில புரோகிராம்களை ஓட்டுற 'போர்க்' எண்ட உள்வீட்டு சிஸ்டத்தை வெளிய விடேல்லை, அதில படிச்சதை வைச்சு அதே மாதிரி வேலை செய்யிற குபெர்னெட்டீஸைப் புதுசா எழுதித்தான் 2014ல விட்டது.

ஆனா உண்மையான தலையிடி கிட்டின்ர ஞாபகசக்தி. இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா எனக்கு நிப்பாட்ட ஏலாது.

ஃபைலுக்கு நாங்கள் வைக்கிற பெயரை கிட் நம்புறேல்லை. உள்ள இருக்கிறதை எடுத்து, முன்னால அதின்ர வகையையும் நீளத்தையும் ஒட்டி, ஷா-1 எண்ட கணக்குக்குள்ள போட்டு வாற 40 எழுத்து விடைதான் அதுக்குப் பெயர், அதைத்தான் ஹாஷ் எண்டுறது. ஒண்டுமே எழுதாத வெறும் ஃபைல் எண்டா அந்த ஹாஷ் ஈ69டிஈ29 எண்டு தொடங்கும், கொழும்பிலயும் அப்பிடித்தான் டோக்கியோவிலயும் அப்பிடித்தான். உள்ள ஒரு கமா மாறட்டும், முழுப் பெயருமே வேறயாப் போயிடும். ஃபோல்டருக்கு 'ட்ரீ' எண்டு ஒரு பட்டியல், எந்தப் பெயருக்கு எந்த ஹாஷ் எண்டு, அந்தப் பட்டியலுக்கும் ஒரு ஹாஷ். கொமிட் எண்டது மாற்றத்தைச் சேமிக்கேக்க கிட் போடுற பதிவு: ட்ரீயின்ர ஹாஷ், முந்தின கொமிட்டின்ர ஹாஷ், எழுதினவரின்ர பெயர், இமெயில், நேரம், ஒரு மெசேஜ், அவ்வளவுதான், அதையும் ஹாஷ் பண்ணி வைச்சிடும்.

இப்ப ஒருத்தர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை செட்டிங்ஸ் எழுதுற கொன்ஃபிக் ஃபைலில போட்டு கொமிட் பண்ணீட்டார், அடுத்த நாள் விளங்கி அழிச்சு இன்னொரு கொமிட் போடுறார் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. புது ட்ரீ புது ஃபைலைக் காட்டும். பழைய கொமிட்டின்ர ட்ரீ பழையதைத்தான் காட்டிக்கொண்டு நிக்கும், ரெண்டும் உள்ள கிடக்கும். 'பாஸ்வேர்ட் எடுத்தாச்சு' எண்டு மெசேஜும் எழுதியிருந்தா தேடுறவனுக்கு இன்னும் லேசு.

சரி, பழைய கொமிட்டைத் திருத்தலாமே? திருத்தினா அதின்ர ஹாஷ் மாறும், அந்த ஹாஷை உள்ள வைச்சிருக்கிற அடுத்த கொமிட்டின்ரயும் மாறும், அப்பிடியே இண்டைக்கு வரைக்கும் எல்லாம் மாறும். ஃபில்டர்-ரெப்போ எண்ட டூல் இதைத்தான் செய்யுது. பிறகு டீமில எல்லாரும் திரும்ப க்ளோன் பண்ணவேணும், அதாவது முழு ரெப்போவையும் புதுசாக் கொப்பி எடுக்கவேணும், பழைய கொப்பி இருக்கிற லப்டொப்பில இருந்து ஒருத்தர் கவனிக்காமல் புஷ் பண்ணி சேர்வருக்கு அனுப்பினா போதும், அழிச்சதெல்லாம் திரும்ப வந்திடும்.

ஹிஸ்டரியையே வீசிப்போட்டு ஒரே கொமிட்டா விடுற கம்பனிகளும் இருக்கு. எனக்கு அது பிடிக்காது, இந்த வரியை ஏன் எழுதினாங்கள் எண்டதுக்கு விடை பழைய கொமிட்டிலதானே இருக்கும். கஸ்டமரைப் பெயர் சொல்லித் திட்டின மெசேஜுகளும் அங்கதான் இருக்கும் எண்டபடியா அவங்கட பயமும் விளங்குது.

விளங்காதது மற்றப் பயம், கோடைக் காட்டினா ஹேக் பண்ணிடுவாங்கள் எண்டது. இது சேர்வர் ரூம் வாசலில தேசிக்காய் கட்டுற மாதிரி. சாவியைத் தவிர எல்லாம் எதிரிக்குத் தெரிஞ்சாலும் சிஸ்டம் பாதுகாப்பா இருக்கவேணும் எண்டு ரகசிய எழுத்துகளை ஆராய்ஞ்ச கேர்க்கோஃப்ஸ் 1883லயே எழுதீட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு இஞ்ச எழுதின 'சஹானா' எண்ட அனர்த்த நிவாரண சொஃப்ட்வெயார் ஓப்பன் சோர்ஸா இருந்தபடியாத்தான் 2010 ஹெய்ட்டி பூமியதிர்ச்சி வரைக்கும் உதவினது. சனத்தின்ர வரிக்காசில எழுதுற அரச சொஃப்ட்வெயாரும் அப்பிடி வெளிய வரவேணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

தம்பி, மனேஜரிட்ட ஒண்டைக் கேளுங்கோ: பழைய பாஸ்வேர்டுகளையெல்லாம் மாத்தியாச்சோ? பப்ளிக் ரெப்போக்களில பாஸ்வேர்டுகளைத் துழாவுறதுக்கெண்டே பொட்டுகள், அதாவது தானா ஓடுற புரோகிராம்கள், ஓடுது. ஹிஸ்டரி துப்புரவாக்க ரெண்டு மாசம் எடுக்கட்டும், பாஸ்வேர்ட் மாத்துறது இண்டைக்கே செய்யிற வேலை.