'உயிர்கொல்லா ஆயுதம்' என்று எழுதாதீர்கள்

கண்ணீர்ப்புகை, இறப்பர் குண்டு, நீர்த்தாரை, மின்னதிர்ச்சித் துப்பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து 'உயிர்கொல்லா ஆயுதங்கள்' என்று எழுதுவது நம்மிடையே வேரூன்றிவிட்டது. அண்மையில் ஒரு பயிற்சிக் கையேட்டிலும் கண்டேன். இந்தச் சொல் வெறும் பிழையல்ல, பொய்.

ஆங்கிலத்தில் அது 'லெஸ் லீத்தல்'. சாவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது லீத்தல். லெஸ் என்றால் குறைவு. முன்பு ஆங்கிலத்தில் எழுதுவோரும் 'நொன் லீத்தல்', அதாவது கொல்லாதது, என்றுதான் சொன்னார்கள். பொலிஸார் பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்துவது பற்றி 1990 இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகளில் அந்தப் பழைய சொல்லே உண்டு. 2020 இல் வந்த ஐ.நா. வழிகாட்டியின் தலைப்பிலோ 'லெஸ் லீத்தல்' இருக்கிறது. இக்கருவிகளாலும் ஆட்கள் சாகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. வட அயர்லாந்தில் மட்டும் இறப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் 17 பேர் இறந்தனர். நிலத்தில் பட்டுத் தெறித்துக் காலில் அடிக்கவென்று செய்த குண்டு, கிட்ட நின்று தலைக்கு நேரே சுட்டால் மண்டையை உடைக்கும். 1972 இல் அப்படி முதலில் இறந்தவன் 11 வயதுப் பையன்.

அவர்கள் கைவிட்டுவரும் சொல்லை நாம் ஏன் தூக்கிப்பிடிக்கிறோம்? 'கொல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழியாப் புகழ் என்றால் ஒருபோதும் அழியாதது. கொல்லா ஆயுதமும் அப்படித்தான் காதில் விழும். ஒருக்காலும் கொல்லாது என்று நம்பி அதை ஏந்துகிற பொலிஸ்காரர் தூரத்தையும் குறியையும் ஏன் பார்க்கப் போகிறார்? யாழ்ப்பாணத்தில் 1974 ஜனவரி 10 அன்று, தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்தில் பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், மேல்நோக்கிச் சுட்டார்கள். மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்தது. ஆளைக் குறிபார்த்த வெடிகூட இல்லை அது.

இதற்கு மாற்றாகச் சிலர் எழுதும் 'மரணம் விளைவிக்காத ஆயுதம்' என்பது அதே பொய்யை வடசொல்லால் நீட்டியது. 'குறைமரண ஆயுதம்' இன்னும் மோசம். மரணத்தில் குறை என்ன, நிறை என்ன? 'மென்படைக்கலம்' என்ற ஒன்றையும் கேட்டேன். இறப்பர் குண்டால் கண்ணை இழந்த ஒருவர் முன் இந்த 'மென்மை'யைச் சொல்ல எவருக்கு வாய் வரும்?

நான் எழுதுவது 'கொல்திறன் குறைந்த படைக்கலம்'. கொல்திறன் நல்ல வினைத்தொகை. குறைந்த என்பது ஒப்பீடு. துப்பாக்கிச் சன்னத்தைவிடக் குறைவு, ஆனால் இல்லாமற் போகவில்லை. நீளம் என்று முறையிடுகிறார்கள். உண்மை சொல்ல இரண்டு அசை கூடினால் கூடட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, அந்தக் கருவி என்ன செய்யும் என்று விசாரிப்பதில்லை. பத்திரிகைகளுக்கோ எதற்கெடுத்தாலும் 'பிரயோகம்'. கண்ணீர்ப்புகைப் பிரயோகம், நீர்த்தாரைப் பிரயோகம், கடைசியில் 'துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது'. மேற்கொண்டவர் யார் என்பதே அந்த வாக்கியத்தில் இல்லை. 'பொலிஸார் சுட்டனர்' என்று எழுதுங்கள். எதனால், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டனர் என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள்.