துணையின் வேறு தொடர்பை நீதிமன்றத்தில் நிரூபிக்க: எதைத் திரட்டலாம், எதைத் தொடக் கூடாது

சந்தேகம் உறுதியானதும் பலர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. அங்கே போய்ப் பயன் இல்லை. கணவனோ மனைவியோ இன்னொருவருடன் உறவு வைத்திருப்பது இன்றைக்கு இந்தியாவில் குற்றம் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றத்தைச் சேர்க்கவில்லை. அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்று வேறு ஏதாவது இருந்தால் அது தனிப் புகார். வெறும் கள்ளத்தொடர்புக்கு எப்ஐஆர் போட முடியாது.

ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் முழுமையான காரணம்தான். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13(1)(i) அதைச் சொல்கிறது. "தொடர்ந்து அப்படி வாழ்ந்து வந்தார்" என்று முன்பு காட்ட வேண்டியிருந்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகு, திருமணத்துக்குப் பின் ஒரே ஒரு முறை விருப்பப்பட்டு உறவு வைத்தார் என்று நிரூபித்தாலே போதும். பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10-வது பிரிவு. முஸ்லிம் பெண்களுக்கான 1939-ம் ஆண்டுச் சட்டத்தில் இது தனிக் காரணமாக இல்லை, கொடுமை என்ற தலைப்புக்குள் வருகிறது.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் பெரிய குழப்பம். கையும் களவுமாகப் பிடித்து வீடியோ எடுத்தால்தான் கேஸ் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு, அதற்காக என்னென்னவோ செய்து மாட்டிக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. திருமண வழக்குகளில் கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று 1975-லேயே தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவருக்கும் நெருக்கம் இருந்தது, தனியாகச் சேர்ந்திருக்க வாய்ப்பும் இருந்தது, அந்தச் சூழலுக்கு வேறு நியாயமான விளக்கம் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் நீதிபதி முடிவுக்கு வரலாம். ஒரே விடுதி அறையில் இருவர் பெயரும் பதிவான ஒரு ரசீது, அதே இரவில் "ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருக்கிறேன்" என்று உங்களுக்கு வந்த மெசேஜ், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுக்கையறை வீடியோவைவிட இது எத்தனையோ மேல்.

ஆகவே முதலில் உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்கு செய்யுங்கள். உங்களுக்கே வந்த மெசேஜ்கள், "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு" என்று அவரே எழுதியவை, உங்கள் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கின் விவரம், உங்கள் கார்டில் கட்டிய விடுதி, டிக்கெட் கட்டணங்கள், உங்கள் பெயரில் உள்ள சிம்மின் பில், எல்லோரும் பார்க்கும்படி அவர்களே போட்ட படங்கள், நேரில் பார்த்த உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன். இதையெல்லாம் எடுப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வக்கீலுக்கு அதுதான் முதல் ஆயுதம்.

அடுத்து, ரகசியமாகப் பதிவு செய்த பேச்சு. இதில் சட்டம் சமீபத்தில் மாறியிருக்கிறது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்துப் பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கில், தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. பலர் இன்றும் அதை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 2025 ஜூலை 14 அன்று விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவி தன்னோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. பதிவு வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக, குரல் யாருடையது என்று அடையாளம் காட்டப்பட்டதாக, வெட்டி ஒட்டாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருமண காலத்தில் கணவன் மனைவி பேசிக்கொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்கிற சாட்சியச் சட்ட விதிக்கும், அவர்களுக்கு இடையிலேயே நடக்கும் வழக்கில் விலக்கு உண்டு.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். அந்த வழக்கில் இருந்தது கணவர் கலந்துகொண்ட உரையாடல். உங்கள் துணையும் மூன்றாவது நபரும் பேசுவதை நீங்கள் ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்வது வேறு கதை. ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்பது ஒரு கேள்வி, அதை எடுத்ததற்காக உங்கள் மேல் வழக்கு வருமா என்பது இன்னொரு கேள்வி. முறைகேடாக எடுத்தது என்பதற்காக மட்டும் ஆதாரத்தைத் தூக்கிப் போடுவதில்லை என்பது நம் ஊரில் பழைய வழக்கம்தான், ஆனால் அது உங்களைக் குற்ற வழக்கிலிருந்து காப்பாற்றாது.

அதனால் சிலவற்றைத் தொடவே தொடாதீர்கள். துணையின் போனில் உளவு செயலி போடுவது, அவர் பாஸ்வேர்டைத் திருடி மின்னஞ்சலுக்குள் நுழைவது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழி. அறையில் ரகசிய கேமரா வைத்து அந்தரங்கத்தைப் படம் எடுப்பது 66இ பிரிவில் வரும், படத்தில் இருப்பவர் பெண் என்றால் நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவும் சேரும். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதும் அவர் பின்னாலேயே சுற்றுவதும் 78-வது பிரிவு, கணவன் என்பதால் மட்டும் அதிலிருந்து தப்பிவிட முடியாது. தெரிந்தவரைப் பிடித்துப் பணம் கொடுத்து சிடிஆர், அதாவது யாருக்கு எப்போது அழைத்தார் என்ற அழைப்பு விவரப் பட்டியல், வாங்குவதும் அப்படித்தான். 2018-ல் தானே போலீஸார் அப்படி விற்ற தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள். மேசையில் திறந்து கிடந்த போனை எடுத்து சாட்டைப் படம் பிடிப்பது இரண்டுங்கெட்டான் நிலை, அதை வக்கீலிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விடுங்கள்.

சரி, சிடிஆரும் விடுதிப் பதிவும் எப்படித்தான் கிடைக்கும்? நீதிமன்றம் வழியாக. இதுதான் நேர் வழி, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. மனு தாக்கல் செய்த பிறகு, இன்ன எண்ணின் இன்ன தேதி அழைப்பு விவரம், இன்ன விடுதியின் இன்ன நாள் பதிவேடு வேண்டும் என்று தனியாக ஒரு ஐ.ஏ. (வழக்குக்குள்ளேயே போடும் இடைக்கால மனு) போட்டு சம்மன் கேட்கலாம். 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் மனைவி கேட்டது இதைத்தான். ஜெய்ப்பூர் விடுதி ஒன்றின் பதிவுகளும் கணவரின் அழைப்பு விவரங்களும் வேண்டும் என்றார், அந்தரங்க உரிமை என்று கணவர் சொன்ன தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் குத்துமதிப்பாக ஐந்து வருடத்து விவரம் முழுவதும் கொடு என்றால் ஏதாவது சிக்குமா என்று வலை வீசிப் பார்க்கிறார் என்று தள்ளிவிடுவார்கள். தேதியும் காரணமும் வேண்டும். காலமும் ஓடும்: தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதற்கு மேல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சிசிடிவி பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிந்துவிடும், எனவே பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் உடனே நோட்டீஸ் அனுப்புங்கள்.

போன், பென்டிரைவ், ஸ்கிரீன்ஷாட் எதைக் கொடுத்தாலும் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். பழைய 65பி சான்றிதழின் இன்றைய வடிவம். இதில் இரண்டு பகுதி, முதலாவதைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) அதில் குறிப்பிட வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு சாட்சிய விதிகளைத் தளர்த்துகிறது என்பது உண்மை, ஆனால் அதை நம்பிச் சான்றிதழ் இல்லாமல் போக வேண்டாம், எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபனையே அங்கிருந்துதான் எழுப்பும். பதிவு எடுத்த அசல் போனை விற்காதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் குறுக்கு விசாரணையில் பதில் இருக்காது.

டிடெக்டிவ் வைப்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால் அவர்களுக்கு உரிமம் வழங்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை, 2007-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. அவர் பொது இடத்தில் பார்த்ததை, படம் எடுத்ததைக் கூண்டில் ஏறிச் சொல்லத் தயாரா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வர மாட்டேன் என்றால் அந்த அறிக்கை வெறும் காகிதம்.

குழந்தைக்கு டிஎன்ஏ பரிசோதனை கேட்கலாமா என்று ஆண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்றே சட்டம் முடிவாகக் கொள்ளும், அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அது மாறும். மனைவியின் தொடர்பை நிரூபிக்கக் குழந்தையைக் கருவியாக்க முடியாது என்று 2023-ல் அபர்ணா ஃபிரோதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. என் கருத்தும் அதுதான், பெரியவர்கள் சண்டையில் ஒரு பிள்ளையின் பிறப்பைக் கேள்வியாக்க வேண்டாம்.

மனு எழுதும்போது மூன்று இடங்களில் கவனம். தொடர்பில் இருப்பதாகச் சொல்லும் நபரின் பெயர், இடம், தேதி தெரிந்தவரை எழுத வேண்டும், வழக்கமாக அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்வார்கள். விஷயம் தெரிந்த பிறகும் மன்னித்து மறுபடி சேர்ந்து வாழ்ந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 23 குறுக்கே வரும். காரணமில்லாத தாமதமும் அப்படியே. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: நிரூபிக்க முடியாத கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டே எதிர்த்தரப்புக்கு எதிரான மனக்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. ஆதாரம் பலவீனமாக இருந்தால் கோபத்தில் அதை எழுதி, அவருக்கு ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஜீவனாம்சம் தானாக நின்றுவிடும் என்ற கணக்கும் தப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் மனைவிக்கு மறுக்கலாம் என்றால், அவர் தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று காட்ட வேண்டும், ஒரு முறை நடந்தது போதாது. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

செலவைப் பார்த்துத் தயங்கும் பெண்களுக்கு: வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம், 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு.