முள் இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தேன். ஊர் இளைஞர்கள் இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, சொந்தக் காசில் ஜேசிபி பிடித்து வேலை பார்த்திருந்தார்கள். "சீமைக் கருவேலத்தை ஒழிச்சிட்டோம் சார், வந்து பாருங்க" என்றார்கள். கரையோரம் கிடந்தவற்றில் பதினோரு மரங்கள் நாட்டுக் கருவேலம். ஒன்றின் அடிமரம் என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. வெட்டுவாயில் பிசின் கசிந்து எறும்பு மொய்த்திருந்தது. கிளையில் கொக்குக் கூடு ஒன்று சுள்ளி கலையாமல் இருந்தது.

ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருவர்தான் கேட்டார்: "ஏந்தம்பி, காய் கொலுசு மாதிரிக் கிடக்கே, அதையாச்சும் பாத்திருக்கக் கூடாதா?"

இந்த வருடம் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது ஊர் இது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னதிலிருந்து, கருவேலம் என்றாலே கெட்ட மரம் என்று ஆகிவிட்டது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் வந்த வினை. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாட்டுக் கருவேலம் நம் மரம். ஏரும் வண்டியும் செய்தது அதில்தான். பல் துலக்கியதும் அதன் குச்சியில்தான். ராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் கொக்குகளும் நாரைகளும் தங்குவது கருவேல மரங்களில். இரண்டும் வேறு வேறு பேரினங்கள். பெயரைத் தவிர உறவு அதிகம் இல்லை.

முள்ளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காயைப் பாருங்கள். நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடை சிறுத்து, மணி கோத்தது போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சீமையின் காய் மஞ்சளாக, தட்டையாக, லேசாக வளைந்திருக்கும். பூ என்றால் நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு விரல் நீளக் கதிர். வன்னிக்கும் கதிர்ப்பூதான் என்பதால் அங்கே மட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும்: வன்னி முள் குட்டையாக, கிளை நெடுகச் சிதறி இருக்கும். பட்டை வெளுத்திருந்தால் வெள்வேல், குடை விரித்தது போல நின்றால் உடைமரம். வன்னியோடு சேர்த்து இந்த மூன்றின் மேலும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், சீமையை வெட்டிப் போட்டுவிட்டுப் படம் எடுத்தால் வேலை முடிந்துவிடாது. தூரோடு தோண்டுங்கள். காய் பழுக்கும் முன் தோண்டுங்கள். பழுத்துவிட்டதா, பொறுக்கி எரித்துவிடுங்கள். ஆடு தின்றால் புழுக்கையோடு ஊர் முழுக்க விதைத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போதே கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டும். முடியாது என்றால் கால் ஏக்கரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜேசிபி வருவதற்கு முதல் நாள், ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றி வாருங்கள். அவர் விடச் சொல்லும் மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.