வெப்பாற்பகுப்பு

குமரி மாவட்டத்துத் தென்னந்தோப்புப் பக்கம் கொப்பரைக் களத்தில் மிஞ்சும் சிரட்டையை, அதாவது கொட்டாங்குச்சியை, குழியிலிட்டுக் கரி சுடுவதுண்டு. சிரட்டை நன்றாகப் பற்றியதும் குழியைத் தகரத்தால் மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்துக் காற்றை அடைப்பார்கள். உள்ளே தீ அவிந்துவிடும், சூடு மட்டும் நின்று வேலை செய்யும். அந்த வேலைக்கு வேதியியல் வைத்த பெயர்தான் 'பைராலிசிஸ்'.

கிரேக்கத்தில் 'பைர்' என்றால் தீ, 'லிசிஸ்' என்றால் கட்டு அவிழ்தல். விறகு, சிரட்டை, நிலக்கரி போன்றவை காற்றில்லாமல் சூடேறும்போது அவற்றின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து எரிவளி, தார், கரி என்று மூன்றாகப் பிரிகின்றன. விறகடுப்பிலும் இது நடக்கிறது. கொள்ளியிலிருந்து வெளிவரும் வளிதான் காற்றோடு சேர்ந்து மஞ்சள் சுடராக நிற்கிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'தீயாற்பகுப்பு' சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குப் பொருந்தாது. பிரிப்பது சூடு, தீயல்ல. 'வெப்பச் சிதைவு' நல்ல சொல்தான், ஆனால் அகலமானது. சிப்பியைச் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுண்ணாம்பு ஆவதும் வெப்பச் சிதைவே, அதை யாரும் பைராலிசிஸ் என்பதில்லை. பாடநூல்களில் 'லிசிஸ்' வரும் இடத்தில் மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு என்று பழகிவிட்டோம். அந்த வரிசையில் 'வெப்பாற்பகுப்பு' என்பதே என் தேர்வு. 'வெப்பத்தால்' என்றுதானே வரவேண்டும் என்று கேட்கலாம். 'வெப்பு' என்பதும் பழைய தமிழ்ச் சொல்லே; 'வெப்பு நோய்' நினைவிருக்கும். வெப்பு + ஆல் = வெப்பால். இலக்கணம் இடறவில்லை.

பேச்சுத் தமிழும் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. 'கரி எரிக்கிறார்கள்' என்றால் இருக்கும் கரி தீர்கிறது, 'கரி சுடுகிறார்கள்' என்றால் புதிதாகக் கரி உண்டாகிறது.

ஆய்வுக்கூடத்தில் குழிக்குப் பதில் ஒரு நுண்தராசு. சில மில்லிகிராம் மரத்தூளையோ சிரட்டைத் தூளையோ, காற்றுப் படாதபடி நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்து, பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றி, எடை குறைவதைப் பதிவு செய்வார்கள். இது வெப்ப எடையறி ஆய்வு. முதலில் ஈரம் போகும். பிறகு மரத்தின் உடலை ஆக்கும் மூன்று பொருள்கள் ஒவ்வொன்றாக உடையும். ஏறத்தாழ 220 முதல் 315 டிகிரி செல்சியஸ் வரை ஹெமிசெல்லுலோசும், 400 வரை செல்லுலோசும் உடையும். லிக்னின் மட்டும் அவசரப்படாது, 900 டிகிரி வரைகூட மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். மிஞ்சும் கரியில் பெரும்பங்கு அதனுடையது. லிக்னின் மிகுந்த சிரட்டை உறுதியான கரி தருவது இதனால்தான்.

சூடேற்றும் வேகமும் முக்கியம். மெதுவாக ஏற்றினால் கரி மிகும். நொடிகளில் 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் தார் எண்ணெய் மிகும். குழிக்கரி முதல் வகை. அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடு தணியுமுன் தகரத்தை நீக்கினால் காற்றுப் புகுந்து கரி கனன்றுவிடும், விடியும்போது குழியில் சாம்பல்தான் கிடக்கும்.