ஈயம் சுமந்து ஓடிய ரயில்

"பேட்டரியில் ரயில் ஓடுகிறதாமே. சக்கரத்திலேயே ஒரு டைனமோவை மாட்டிவிட்டால் ஓட ஓட சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்குமே, ஏன் யாரும் செய்வதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2023 இறுதியில் வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் பேட்டரி ரயில்கள் ஓட ஆரம்பித்த செய்தியைப் படித்திருப்பார் போல. டைனமோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த ரயில்களைப் புத்தம்புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இடித்தது. ஜெர்மனியில் பேட்டரி ரயிலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்திலேயே தென்மேற்கே ஃபால்ஸ் பகுதியில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பேட்டரியை இருக்கைகளுக்கு அடியில் வைத்தார்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில் உள்ளே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ் விடும். ஒவ்வொரு குமிழும் வெடிக்கும்போது கந்தக அமிலத்தின் மெல்லிய தூறலைக் கிளப்பும். அதன் மேல்தான் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு வழி செய்தவர் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் குஸ்டாவ் விட்ஃபெல்ட். 1907 முதல் ஓடிய அவருடைய வண்டியின் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய வண்டி. தனி எஞ்சின் கிடையாது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறைக்கு முன்னால் தாழ்வான, நீளமான ஒரு மூக்கு. மூக்குக்குள் வரிசை வரிசையாக ஈய பேட்டரிகள். அமில வாடை பயணிகள் பக்கம் வராது, பழுது பார்ப்பவர்களும் நேராகப் பேட்டரியிடம் போய்விடலாம். ஒரு சார்ஜுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. இந்த வகை வண்டிகளில் சில 1960-களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தன.

அதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. 1953-லிருந்து 1965 வரை மேற்கு ஜெர்மனி 232 பேட்டரி வண்டிகளைக் கட்டியது. இ.டி.ஏ. 150 என்று பெயர். பேட்டரி தரைக்குக் கீழே போனது, மூக்கு மறைந்தது, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் ஆனது. மக்கள் சும்மா இருப்பார்களா? 'டார்ச் லைட் எக்ஸ்பிரஸ்', 'ப்ளக் பாயிண்ட் இன்டர்சிட்டி' என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்தார்கள்.

சரி, ஈயத்தைப் போய் யாராவது சுமந்துகொண்டு ஓடுவார்களா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு டன் ஈய பேட்டரி தோராயமாக 25 யூனிட் மின்சாரம் பிடிக்கும். பேட்டரி மட்டும் 16 டன் என்று வைத்துக்கொள்வோம், 400 யூனிட். இந்த 16 டன் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போக எவ்வளவு செலவாகும்?

காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்களுக்குத் தெரியும், டயர் நசுங்கி நிமிரும் ஒவ்வொரு சுற்றிலும் நம் உழைப்பு சூடாக வீணாகிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் நசுங்குவது மிக மிகக் குறைவு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடமே ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர்தான். சமதளத்தில் உருளும்போது ஏற்படும் தடை, எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதாவது 16 டன்னை ஒரே வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க 32 கிலோவைத் தூக்கும் விசை போதும்! ஒரு கிலோமீட்டருக்கு 0.09 யூனிட்டுக்கும் குறைவு. 250 கிலோமீட்டர் போனாலும் 22 யூனிட். 400-ல் 22! ஈயம் தன் கூலியாக எடுத்துக்கொள்வது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வண்டிக்கு. ரப்பர் டயரில் இதே கணக்கைப் போட்டால் கூலி நான்கைந்து மடங்காகும்.

ஆனால் இது நிற்காமல் ஓடும்வரை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மறுபடி 70 கிலோமீட்டர் வேகம் பிடிக்க, அந்த 16 டன்னுக்கு மட்டும் 0.84 யூனிட் வேண்டும். ஒரு நிறுத்தத்துக்குப் போவது கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம். ஏற்றம் இன்னும் மோசம். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே தேவையான விசை இரட்டிப்பாகிவிடும்; கண்ணுக்கே தெரியாத சரிவு அது. மொத்தம் 100 மீட்டர் உயரம் ஏறினால் நாலு யூனிட்டுக்கு மேல் காலி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். பேட்டரி வண்டிக்குச் சமவெளிதான் சொர்க்கம்.

இப்போது டைனமோ. அது சுழல வேண்டுமானால் வண்டியை யாராவது கூடுதலாக இழுக்க வேண்டும். இழுப்பது அதே பேட்டரி. ஒரு ரூபாய் கொடுத்து எண்பது காசு திரும்ப வாங்கும் வியாபாரம். மூலிகையில் பெட்ரோல் வரும் என்று நம்பிய நமக்கு வாட்ஸப்பில் இந்த 'இலவச மின்சார' வீடியோக்கள் வாராவாரம் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களே ஃபார்வர்டு செய்வதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆனால் வாசகரின் யோசனை ஒரு நேரத்தில் மட்டும் பலிக்கும். வண்டியை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும் என்னும்போது, பிரேக்கில் சூடாகப் போகும் சக்தியை மோட்டாரே டைனமோவாக மாறிப் பிடித்துக்கொள்ளலாம். ஈய பேட்டரிக்கு அத்தனை மின்சாரத்தைச் சில நொடிகளில் விழுங்கத் தெரியாது. லித்தியம் பேட்டரிக்குத் தெரியும்.

இ.டி.ஏ. 150 வண்டிகளில் கடைசியானது 1995-ல் ஓய்வு பெற்றது. அப்போது டீசல் மலிவு. மின்கம்பி இல்லாத கிளைப்பாதைகளுக்கு டீசல் வண்டிகள் போதும் என்று விட்டுவிட்டார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்குக் காசு கொட்டியது செல்போனும் லேப்டாப்பும் விற்றவர்கள். ரயில்வேக்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பேட்டரி அது, சட்டைப்பை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது என்பது என் கட்சி.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்கு வாங்கிய 55 ரயில்களில் ராத்திரி முழுக்க நின்று சார்ஜ் ஏற்றும் தொல்லையும் இல்லை. மின்கம்பி உள்ள பாதையில் போகும்போதே கூரைக் கையை உயர்த்திக் கம்பியைத் தொட்டு நிரப்பிக்கொள்கின்றன. கம்பி முடிந்ததும் கையை மடக்கிக்கொண்டு பேட்டரியில் ஓடுகின்றன.