பின்தங்கும் கையில் பிறக்கும் வேகம்

“ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் மணிக்கு 161.3 கி.மீ. வேகத்தில் பந்து வீசினார். அவ்வளவு தூரம் ஓடி வந்து வீசும் அவரைவிட, ஓடாமலே வீசும் பேஸ்பால் வீச்சாளர் எப்படிக் கூடுதல் வேகம் காட்டுகிறார்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கான விடை, அரோல்டிஸ் சாப்மன் என்ற கியூப பேஸ்பால் வீச்சாளரின் இடது தோளில் இருக்கிறது.

சாப்மன் 1988 பிப்ரவரி 28 அன்று கிழக்குக் கியூபாவின் ஓல்கின் மாகாணத்தில் பிறந்தார். ஆங்கிலச் சாயலுள்ள அவரது குடும்பப் பெயர், ஜமைக்காவிலிருந்து குடியேறிய முன்னோர் வழியாக வந்தது. கியூபாவில் இருந்துகொண்டே அமெரிக்க அணிகளுடன் ஒப்பந்தம் செய்ய அன்று வழியில்லை. 2009 ஜூலையில் தேசிய அணியுடன் நெதர்லாந்து சென்றிருந்தபோது, ராட்டர்டாமில் தங்கியிருந்த விடுதியை விட்டு வெளியேறிய அவர் நாடு திரும்பவில்லை. 2010 ஜனவரியில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி, ஆறு ஆண்டுகளுக்கு 3 கோடியே 2.5 லட்சம் டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று சான் டியாகோவில் அவர் வீசிய பந்து மணிக்கு 169.1 கி.மீ. வேகத்தில் பறந்ததாகப் பதிவானது. அளவீட்டு முறை திருத்தப்பட்ட பிறகு அது 170.3 ஆகக் கணக்கிடப்பட்டது.

சுமார் 145 கிராம் எடையுள்ள பந்துக்கு அந்த வேகத்தைக் கொடுக்க ஏறத்தாழ 160 ஜூல் ஆற்றல் வேண்டும். அளவு பெரிதல்ல, கொடுப்பதற்குக் கிடைக்கும் நேரம்தான் மிகக் குறைவு. ஆற்றலின் பெரும்பகுதி, வீச்சின் கடைசி இருபதில் ஒரு நொடிக்குள் பந்தைச் சேர்ந்தாக வேண்டும். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப்போல மூன்று, நான்கு மடங்குத் திறன் அதற்குத் தேவை. தோளைத் திருப்பும் தசைகளால் மட்டும் இதைத் தர இயலாது.

அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? உங்கள் மேற்கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடித்து, விரல்கள் வானத்தை நோக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேற்கையை இறக்காமல் முன்கையை மட்டும் மெதுவாகப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் போகாமல், தோளின் முன்புறத்தில் ஓர் இழுவிசை தோன்றும். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களும் தசைநார்களும் உண்டிவில்லின் ரப்பரைப் போல நீள்வதன் அறிகுறி அது. இடக்கை வீச்சாளரான சாப்மன் வலக்காலை நீளமாக எட்டி ஊன்றியதும் முதலில் இடுப்பும், அதைத் தொடர்ந்து மார்பும் முன்னோக்கித் திரும்புகின்றன. மடிந்த முன்கையும் அதன் நுனியில் உள்ள பந்தும் நிலைமத்தின் காரணமாக உடனே பின்தொடர முடியாமல் பின்தங்குகின்றன. உடல் முன்னே போக, கை பின்னே நிற்க, இடையிலுள்ள தோள் முறுக்கேறுகிறது. முன்கை ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் பின்புறம் சாய்ந்துவிடுகிறது. கால்களும் இடுப்பும் உண்டாக்கிய ஆற்றல் அந்த முறுக்கில் மீள் ஆற்றலாகச் சேர்ந்து, அடுத்த கணம் மொத்தமாக விடுபடுகிறது. அப்போது மேற்கை எலும்பு தன் அச்சில் நொடிக்கு 7,000 பாகைக்கும் மேலான வேகத்தில் திரும்புகிறது. ஒரு முழு நொடி அது நீடிக்குமானால் எலும்பு 19 சுற்றுகளை முடித்திருக்கும். மனித உடல் செய்யும் மிக விரைவான அசைவுகளில் ஒன்று இது. இத்தகைய வீச்சைத் தெய்வம் கொடுத்த கை என்று சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கை பின்தங்கும் அந்தக் கணத்தின் அழகை அது மறைத்துவிடுகிறது.

தோளுக்குள் நிகழும் இந்தச் சேமிப்பை அளந்து காட்டிய ஆய்வு 2013இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. நீல் ரோச், டேனியல் லீபர்மன் ஆகியோருடன், அப்போது பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றிய மதுசூதன் வெங்கடேசனும் அதில் பங்கேற்றார். தோளின் சுழற்சிக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை மீள் ஆற்றல் தருகிறது என்றும், இதற்கேற்ற உடலமைப்பு முழுமையாக ஒன்றுசேர்ந்தது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹோமோ எரக்டஸ் என்ற ஆதி மனித இனத்தின் காலத்தில் என்றும் அவர்கள் முன்வைத்தார்கள். பந்து வீசுவதை ஆராய அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் முன்னோர் கல்லெறிந்து வேட்டையாடிய விதத்தை நம் தோளிலேயே படிக்க வைக்கும் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வாசகரின் கேள்விக்கும் இங்கேதான் விடை. கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. ஆகவே மடித்த முன்கையைப் பின்தங்கவிட்டுத் தோளை முறுக்கும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. ஓட்டத்தின் வேகம் அந்த இழப்பை ஓரளவே ஈடுகட்டுகிறது.

பேஸ்பால் வீச்சின் இந்த வேகத்துக்கான விலையை முழங்கை செலுத்துகிறது. ஒவ்வொரு வேகமான வீச்சிலும் முழங்கையின் உட்புறத் தசைநார் மீது விழும் திருப்புவிசை, அது தனித்துத் தாங்கக்கூடிய எல்லையை ஒட்டியது. சுற்றியுள்ள முன்கைத் தசைகள் பங்குபோட்டுக்கொள்வதால்தான் அது அறுந்துபோகாமல் நிற்கிறது. அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்துத் தசைநாணை வைத்துக் கட்டும் அறுவைச் சிகிச்சையை ஃபிராங்க் ஜோப் 1974இல் டாமி ஜான் என்ற வீச்சாளருக்கு முதன்முதலாகச் செய்தார். இன்றைக்கு வீச்சாளர்களிடையே அது மிகச் சாதாரணமாகிவிட்டது. சாப்மனோ, 2025இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக, 37 வயதிலும் 160 கி.மீ. தாண்டும் பந்துகளை வீசிக்கொண்டிருந்தார்.