ஸ்கிரீன்ஷாட் 'திரைக்காட்சி' ஆகாது

"உங்கள் திரைக்காட்சியை இணைத்து அனுப்பவும்." உதவிப் பக்கங்களிலும் புகார்ப் படிவங்களிலும் இந்த வரி ஓயாமல் வருகிறது. திரைக்காட்சி என்றால் திரையில் தெரியும் காட்சி. அதை எப்படி இணைத்து அனுப்புவது? அவர்கள் கேட்பது ஸ்கிரீன்ஷாட். அதற்குத் தமிழில் திரைப்பிடிப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்பது முதலில் நெருப்பின் அனல் மேலே படாமல் தடுக்கும் மறைப்பு. நம் திரையும் மறைக்கும் துணிதான். அலை, தோலின் சுருக்கம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. மறைப்பதற்கு வந்த சொல், இரு மொழியிலும் காட்டும் பரப்புக்குப் பெயராகிவிட்டது. ஷாட் துப்பாக்கியிலிருந்து வந்தது. குறிபார்க்காமல் சட்டென்று சுடுவதை வேட்டைக்காரர்கள் ஸ்னாப்ஷாட் என்றார்கள். 1860இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் அச்சொல்லை ஒளிப்படத்துக்கு எடுத்தாண்டார். அங்கே படத்தைச் சுட்டார்கள், இங்கே நாம் படம் பிடித்தோம். படம் பிடித்தல், படப்பிடிப்பு என்று வழக்கில் ஊறிய அதே வார்ப்பில் அமைந்ததுதான் திரைப்பிடிப்பு.

இனி 'காட்சி' ஏன் தவறு என்பதற்கு வருவோம். காட்சி கண்ணுக்கு உரியது. திரைப்பிடிப்போ கண்ணாடிப் பரப்பைத் தொடுவதே இல்லை. திரைக்கு அனுப்புவதற்காக நினைவகத்தில் வரைந்து வைத்திருக்கும் படத்தைத்தான் கணினி படியெடுக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள திரையென்றால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிற எண்ணும் அதில் அடங்கும். திரையில் விரிசல் இருக்கலாம், நெடுக ஒரு பச்சைக் கோடு ஓடலாம், ஒரு மூலை மங்கிக் கிடக்கலாம். திரைப்பலகையின் பழுதாக இருந்தால் இவற்றில் ஒன்றுகூடப் பிடிப்பில் வராது. பழுதைக் காட்ட நினைத்துத் திரையைப் பிடித்து அனுப்புகிறவர், பெறுகிறவரின் கணினியில் பளிச்சென்று தெரியும் படத்தைத்தான் அனுப்பியிருப்பார். அங்கே கைப்பேசியால் திரையை ஒளிப்படம் எடுப்பதுதான் வழி.

மறுபக்கமும் உண்டு. நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்புள்ள படம் திரையில் நன்றாக ஓடும். பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் இருக்கும். ஆக, கண்டது பிடிப்பில் இல்லாமல் போகலாம், பிடித்தது கண்ணில் தெரிந்தது போல இல்லாமலும் போகலாம். இப்படி விலகி நிற்கும் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, "திரைக்காட்சி சரியாக இல்லையென்றால் திரைக்காட்சியை அனுப்பவும்" என்று எழுதினால் வாசிப்பவர் என்ன செய்வார்?

போதாக்குறைக்குத் திரைக்கதை, திரைப்படம், திரையரங்கு என்று திரையில் தொடங்கும் சொற்கள் ஏற்கெனவே சினிமாப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. திரைக்காட்சி என்றதும் படத்தில் ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும்.

பிடிப்பு என்றால் தசைப்பிடிப்பு நினைவுக்கு வருகிறதே என்பார்கள். படப்பிடிப்பு என்று படிக்கும்போது யாருக்கும் கெண்டைக்கால் வலிப்பதில்லையே. பிடிப்பு செயலைத்தானே குறிக்கும், கையில் கிடைக்கும் படத்தை எப்படிக் குறிக்கும் என்பது அதைவிட நல்ல கேள்வி. தொகுப்பு, பதிப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் செயலையும் குறிக்கின்றன, செயலால் விளைந்த பொருளையும் குறிக்கின்றன. திரைப்பிடிப்பும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்ற போட்டிச் சொற்களை நீளமாகப் பேச வேண்டியதில்லை. திரைநகலில் உள்ள நகல் அரபு வழி வந்தது என்பது எனக்குக் குறையில்லை. இரண்டாம் திரையிலும் அதே காட்சியைக் காட்டும் ஏற்பாட்டுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது, அதுதான் சிக்கல். திரைப்பதிவை ஓடும் காணொளிக்கு விட்டுவைக்க வேண்டும். திரைவெட்டு ஒரு பகுதியை மட்டும் எடுப்பதற்குப் பொருந்தும், முழுத் திரைக்குப் பொருந்தாது.

இவற்றையெல்லாம் விட மோசம் 'அச்சுத்திரை'. பிரிண்ட் ஸ்கிரீன் விசைக்கு இப்படி ஒரு பெயர். அந்த ஆங்கிலத் தொடர் ஓர் ஏவல்: திரையை அச்சிடு. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியில் ஷிப்ட்டுடன் அந்த விசையை அழுத்தினால் திரையில் இருந்த எழுத்துகள் நேரே அச்சுப்பொறிக்குப் போயின. 'அச்சுத்திரை' என்றாலோ துணியில் அச்சடிக்கும் சட்டகம்தான் நினைவுக்கு வரும். சொற்பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எந்த விசை எதற்கு என்று ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காமல் மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. ஏவலா பெயரா என்று பார்க்காதவர் இடைமுகத்தை மொழிபெயர்க்கவே கூடாது.

'பிடி' என்ற வினையை வைத்துக்கொண்டால் வழிமுறை எழுதுவது எவ்வளவு இலகு என்று பாருங்கள். விண்டோஸில் முழுத் திரையைப் பிடிக்கப் பிரிண்ட் ஸ்கிரீன். முன்னால் இருக்கும் சாளரத்தை மட்டும் பிடிக்க ஆல்ட்டுடன் அதே விசை. இரண்டிலும் படம் கிளிப்போர்டு என்ற தற்காலிக நினைவிடத்தில்தான் நிற்கும். பலர் அழுத்திவிட்டுக் கோப்பு எங்கே என்று தேடுவார்கள். ஒட்டும் முன் வேறொன்றை நகலெடுத்தால் அதுவும் போய்விடும். கோப்பாகவே வேண்டுமென்றால் விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன். 'படங்கள்' என்ற கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உறையில் பி.என்.ஜி. என்ற படவகைக் கோப்பாகச் சேரும். ஒரு பகுதியைப் பிடிக்க விண்டோஸ், ஷிப்ட், எஸ் விசைகள் மூன்றும் சேர்த்து. புதிய விண்டோஸ் 11இல் பிரிண்ட் ஸ்கிரீனைத் தனியே அழுத்தினாலும் இந்தப் பகுதி பிடிக்கும் கருவிதான் திறக்கும்; வேண்டாமென்றால் விசைப்பலகை அமைப்பில் நிறுத்தலாம். மேக்கில் ஷிப்ட், கமாண்ட், 3 முழுத் திரைக்கு; 3க்குப் பதில் 4 என்றால் பகுதிக்கு, உடனே இடைவெளி விசையையும் தட்டினால் சாளரத்துக்கு. பிடித்ததை ஜேபெக் என்ற சுருக்கிய படவகையாக மாற்றிச் சேமித்தால் எழுத்துகளின் ஓரம் கலங்கும், பி.என்.ஜி.யாகவே விடுங்கள்.

பொத்தானில் எழுத மூன்று தொடர் போதும்: திரையைப் பிடி, சாளரத்தைப் பிடி, பகுதியைப் பிடி. 'காட்சி'யை வைத்து இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள்.